காயாவின் கடல் கடந்த உறவு

அடுக்களைப் பக்கம்



காலையில் கோப்பி கலக்கி, ரொட்டியை வாட்டி, அதன்மேல் காயாவைத் தடவிப் பிள்ளைகளின் கையில் கொடுத்துப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறீர்கள். அந்தக் காயாவுக்கு உறவுக்காரர் யாராவது இருக்கிறார்களா என்று என்றைக்காவது யோசித்துப் பார்த்ததுண்டா? இருக்கிறார்கள். அதுவும் பக்கத்தில் அல்ல. கடல் பல கடந்து, ஐரோப்பாவின் மேற்கு ஓரத்தில், போர்த்துகல் நாட்டில் அதற்கு ஓர் உடன்பிறப்பு இருக்கிறது. பெயர்கூட ஏறக்குறைய ஒன்றுதான். மலாயில் 'ஸ்ரீகாயா', அங்கே 'செரிகாயா'!

இந்த மாதம் அந்தச் செரிகாயாவைத்தான் உங்கள் அடுக்களைக்கு அழைத்து வந்திருக்கிறேன். செய்முறை கடைசியில் வருகிறது. பக்கத்தைப் புரட்டி அதை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள். கதையையும் கேளுங்கள். அந்தக் கதையில் நமக்கும் பங்கு உண்டு.

அது எப்படிப்பட்ட பலகாரம்?

முட்டை, பால், சீனி, கொஞ்சம் கோதுமை மாவு, இலவங்கப்பட்டை, எலுமிச்சைத் தோல். இவ்வளவுதான் சாமான். நம் காயா ரொட்டியில் தடவும் பதத்தில் இருக்கும். செரிகாயா அப்படியல்ல. அதைத் தட்டில் ஊற்றி, நல்ல சூட்டில் சுட்டு எடுப்பார்கள். கேக்கும் அல்லாமல், கஞ்சியும் அல்லாமல், இரண்டுக்கும் நடுவே பஞ்சுபோல் மெத்தென்று இருக்கும். மேலே பட்டைத்தூளைத் தாராளமாகத் தூவியிருப்பார்கள். சூட்டில் அது பொங்கி எழும்போது மேற்புறம் வெயிலில் காய்ந்த வயல்போல் வெடித்துவிடும். வெடிப்பு இல்லாவிட்டால் அது செரிகாயாவே இல்லை என்பார்கள் அந்த ஊர்க்காரர்கள்!

அந்த ஊரின் பெயர் எல்வாஸ். ஸ்பெயின் நாட்டு எல்லைக்கு அருகில், கோட்டை கொத்தளங்களோடு நிற்கும் பழைய பட்டணம். 2012-ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ நிறுவனம் அதை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. அந்த வட்டாரத்துக்கு அலெந்தேஜூ என்று பெயர். 'தேஜூ நதிக்கு அப்பால்' என்பது அதன் பொருள். கோதுமை வயல்களும், ஆலிவ் தோப்புகளும், போத்தல் மூடும் தக்கை செய்ய உதவும் ஓக் மரங்களும் நிறைந்த பூமி. எல்வாசில் ஒருவகைப் பச்சைப் பிளம்ஸ் பழத்தைச் சீனிப்பாகில் ஊறவைத்துப் பதப்படுத்துவார்கள். ஒரு துண்டு செரிகாயா, பக்கத்தில் அந்தப் பழம் ஒன்று, மேலே கொஞ்சம் பாகு. அங்கே விருந்தென்றால் அதுதான் முடிவு.

பெயர் எப்படிப் போனது?

1511-ஆம் ஆண்டில் அபோன்சு தெ அல்புகெர்க் என்ற போர்த்துகீசியத் தளபதி கப்பல்களோடு வந்து மலாக்காவைப் பிடித்தான். 1641-இல் டச்சுக்காரர்கள் வந்து அவர்களை விரட்டும்வரை 130 ஆண்டுகள் மலாக்கா போர்த்துகீசியர் கையில் இருந்தது. அவ்வளவு காலம் ஒரே ஊரில் இருந்தால் அடுப்புக்கு அடுப்பு பழக்கம் ஏற்படாமல் இருக்குமா? வந்த சிப்பாய்களும் வியாபாரிகளும் உள்ளூர்ப் பெண்களை மணந்துகொண்டார்கள். அவர்களுடைய வழித்தோன்றல்களான கிறிஸ்தாங் மக்கள் இன்றும் மலாக்காவில், ஊஜோங் பாசிர் கடலோரக் குடியிருப்பில், தங்கள் மொழியையும் சமையலையும் காத்து வருகிறார்கள்.

'செரிகாயா' என்ற சொல்லுக்கு மூலம் எது என்று போர்த்துகீசிய அகராதியைப் புரட்டினால், அது மலாய் 'ஸ்ரீகாயா'வையே காட்டுகிறது. மலாயில் சீத்தாப்பழத்துக்கும் அந்தப் பெயர் உண்டு. முட்டையும் தேங்காய்ப்பாலும் சீனியும் சேர்த்துக் கிளறும் இனிப்புக்கும் அந்தப் பெயர் உண்டு. நாம் அதைச் சுருக்கிக் 'காயா' ஆக்கிக்கொண்டோம்.

இந்தப் பலகாரத்தைக் கொண்டு வந்தவர் கொன்ஸ்தந்தினு தெ பிரகன்சா என்னும் பிரபு என்று அலெந்தேஜூவில் ஒரு வழக்கு உண்டு. இவர் 1558 முதல் 1561 வரை கோவாவில் இருந்துகொண்டு போர்த்துகீசியரின் கீழைநாட்டு உடைமைகளை ஆண்ட இராஜப் பிரதிநிதி. தமிழர்களாகிய நமக்கு இவர் அந்நியரல்ல. நல்ல விதமாக அறிமுகமானவரும் அல்ல. 1560-இல் படையெடுத்துப் போய் யாழ்ப்பாணத்தைத் தாக்கியவர் இவர்தான். யாழ்ப்பாணத்தில் அவரால் நிலைக்க முடியவில்லை. மன்னார்த் தீவை மட்டும் பிடித்துக்கொண்டு கோட்டை கட்டினார். எல்வாசில் இருந்த கன்னிமாடத்துச் சகோதரிகளும், அருகில் வீலா விசோசா என்ற ஊரின் கன்னிமாடத்துச் சகோதரிகளும் 'இது எங்கள் பலகாரம், எங்கள் பலகாரம்' என்று உரிமை கொண்டாடியதாகவும் சொல்வார்கள்.

போன இடத்தில் பலகாரம் உடையை மாற்றிக்கொண்டது. அலெந்தேஜூவில் தென்னை ஏது? தேங்காய்ப்பால் இருந்த இடத்தில் கறந்த பால் வந்தது. பண்டான் இலையின் வாசனைக்குப் பதில் எலுமிச்சைத் தோலும் பட்டையும் சேர்ந்தன. கோதுமை விளையும் பூமி அல்லவா, ஒரு பிடி மாவும் உள்ளே போனது. அந்தப் பட்டையும் அந்நாளில் இலங்கையிலிருந்து கப்பலேறிப் போன சரக்குத்தான். பெயர் மலாக்காவுடையது, மணம் இலங்கையுடையது, மாவு அலெந்தேஜூவுடையது. பாருங்கள், ஒரு தட்டுக்குள் எத்தனை ஊர்!

பண்டம் இங்கிருந்து அங்கே போனது போலவே, சொற்கள் அங்கிருந்து இங்கே வந்தன. உங்கள் வீட்டைச் சுற்றி ஒருமுறை பாருங்கள். அலமாரி, சாவி, ஜன்னல், மேசை ஆகிய எல்லாமே போர்த்துகீசியச் சொற்கள் தமிழாகிப் போனவை. மலாயில் வெண்ணெய்க்கு 'மெந்தேகா', கொடிக்கு 'பெண்டேரா' என்கிறோமே, அவையும் அப்படியே. இன்னும் கேளுங்கள். 'மேஸ்திரி' என்ற சொல்லும் அவர்களுடையதுதான். தோட்டத்து ஆயாக்கொட்டகையில் நம் பிள்ளைகளைத் தூளியில் போட்டு ஆட்டினாளே 'ஆயா', அந்தச் சொல்லும் அவர்களுடையதே!

கன்னிமாடத்துச் சமையலறை

போர்த்துகலின் பழைய இனிப்புகளில் பெரும்பாலானவை கன்னிமாடங்களில் பிறந்தவை. அவற்றில் மஞ்சட்கருவை அள்ளிக் கொட்டியிருப்பார்கள். ஏன் தெரியுமா? முட்டையின் வெள்ளைக்கருவைத் துணிகளுக்குக் கஞ்சி போடவும், திராட்சை ரசத்தைத் தெளிய வைக்கவும் எடுத்துக்கொள்வார்களாம். மீந்துபோன மஞ்சட்கருவை என்ன செய்வது? சீனியோடு சேர்த்துப் பலகாரமாக்கினார்கள். செரிகாயாவின் விசேஷம் என்னவென்றால், அதில் வெள்ளையும் வீணாவதில்லை, மஞ்சளும் வீணாவதில்லை. இரண்டும் சேர்ந்தால்தான் அது பொங்கும். சிக்கனமாகக் குடும்பம் நடத்தும் நமக்குப் பிடித்த பலகாரம்தான்!

1834-இல் போர்த்துகல் அரசாங்கம் துறவு மடங்களைக் கலைக்கச் சட்டம் கொண்டுவந்தது. கன்னிமாடங்களில் புதிதாக யாரையும் சேர்க்கக்கூடாது, இருக்கும் கடைசிச் சகோதரி கண்மூடியதும் மடத்தையும் மூடிவிட வேண்டும் என்பது ஏற்பாடு. மடங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. ஆனால் பக்குவம் மூடப்படவில்லை. வேலைக்கு வந்து போன பெண்களின் கைவழியாகவும் ஊராரின் வழியாகவும் அது வீதிக்கு வந்துவிட்டது.

சீனியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்தக் கன்னிமாடங்களுக்கு அவ்வளவு சீனி எங்கிருந்து வந்தது? முதலில் மதீராத் தீவிலிருந்து. பிறகு பிரேசில் நாட்டிலிருந்து. பிரேசிலின் கரும்புத் தோட்டங்களில் வெட்டியவர்கள், ஆப்பிரிக்காவிலிருந்து சங்கிலியில் கட்டிக் கொண்டுவரப்பட்ட அடிமைகள். நம்மவர்களுக்கும் கரும்பின் கசப்பு தெரியும். மலாயாவுக்குத் தோட்ட வேலைக்கென்று முதன்முதலில் வந்த தமிழர்களில் பலர் ரப்பருக்கு வரவில்லை. செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்குத்தான் வந்தார்கள். ரப்பர் பின்னால் வந்தது.

சுட்டவர் யார், சாப்பிட்டவர் யார்?

இங்கேதான் நான் உங்களிடம் பேச விரும்பிய விஷயத்துக்கு வருகிறேன்.

அலெந்தேஜூ பெருநிலங்களின் நாடு. ஆயிரக்கணக்கான ஏக்கர் ஒரே முதலாளிக்குச் சொந்தமாக இருக்கும். அதில் உழைத்தவர்களுக்குச் சொந்தமாக ஒரு சாண் நிலமும் இருக்காது. அறுவடைக் காலத்தில் வேலை உண்டு. மற்ற மாதங்களில் உண்டோ இல்லையோ! கோதுமைப் பயிரில் களை எடுப்பது பெண்களின் வேலை. வரிசையாகக் குனிந்து, பாட்டுப் பாடிக்கொண்டே பிடுங்குவார்கள். வெளிக்காட்டு வேலையில் புல் வெட்டிய நம் தாய்மார்களுக்கு அந்த இடுப்புவலியை விளக்க வேண்டியதில்லை.

அவர்கள் வீட்டில் என்ன சாப்பாடு? 'அசோர்டா' என்று ஒன்று. பழைய ரொட்டியைப் பிய்த்துப் போட்டு, பூண்டையும் கொத்துமல்லித் தழையையும் உப்போடு இடித்துச் சேர்த்து, ஆலிவ் எண்ணெய் ஊற்றி, மேலே கொதிக்கும் தண்ணீரை ஊற்றினால் அசோர்டா. முட்டை அகப்பட்ட நாளில் அதில் ஒரு முட்டையை உடைத்து விடுவார்கள். அகப்படாத நாளில் அது வெறும் ரொட்டித் தண்ணீர்தான். பன்னிரண்டு முட்டைகளை உடைத்து ஊற்றிச் செய்யும் செரிகாயா முதலாளியின் மேசைக்குப் போகும் பண்டம். முட்டையிட்ட கோழி ஏழையின் முற்றத்தில். முட்டையோ எசமானின் தட்டில்!

1954-ஆம் ஆண்டு மே மாதம் பலெயிசாவுங் என்ற சிற்றூரில் அறுவடைக் கூலியை உயர்த்தித் தரும்படி கேட்டுச் சில பெண்கள் கூட்டமாகப் போனார்கள். அவர்களில் ஒருத்தி கத்தரினா எவுபேமியா. வயது 26, மூன்று பிள்ளைகளின் தாய். காவல்படை அதிகாரி ஒருவன் அவளைச் சுட்டுக் கொன்றான். கூலிதான் கேட்டாள், வேறொன்றும் கேட்கவில்லை. சூரியன் எழுந்ததிலிருந்து விழும்வரை வேலை என்றிருந்த முறை 1962-இல்தான் மாறியது. தொழிலாளர்கள் ஒன்றுகூடிப் போராடி எட்டு மணி நேர வேலையைப் பெற்றார்கள். 1974 ஏப்ரல் 25-இல் சர்வாதிகார ஆட்சி கவிழ்ந்தது. அடுத்த ஆண்டில் பெருநிலங்கள் பலவற்றைத் தொழிலாளர்களே எடுத்துக் கூட்டுப்பண்ணை நடத்தினார்கள். பின்னாளில் அவற்றில் பெரும்பகுதி பழையபடி கைமாறிப் போனது. ஆனால் ஒன்று மட்டும் திரும்பிப் போகவில்லை. செரிகாயா இன்று அலெந்தேஜூவில் சாதாரணச் சாப்பாட்டுக் கடைகளிலும் கிடைக்கிறது. களை எடுத்தவளின் பேத்தி காசு கொடுத்து உட்கார்ந்து சாப்பிடுகிறாள்.

நூலில் ஒட்டிய மஞ்சள்

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் அம்மா ஞாபகம் வந்துவிட்டது.

லயத்தின் கடைசி வீடு எங்களுடையது. பின்புறம் அம்மா ஐந்தாறு கோழிகள் வைத்திருந்தார். முட்டைகளைத் துணியில் சுற்றிக் கடைக்கு அனுப்புவார். கடைக்கணக்கில் அது கழியும். வீட்டுக்கென்று நிற்பது வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ. அதை அவித்து, தோலை உரித்து, தையல் நூலை ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, மறுமுனையால் சுற்றி இழுத்து இரண்டாக அறுப்பார். கத்தியில் அறுத்தால் மஞ்சள் உதிர்ந்து வீணாகுமாம். ஒரு பாதி அப்பாவுக்கு. மரம் வெட்டி வந்தவர். மறுபாதி தம்பிக்கு, ஆண்பிள்ளை. எனக்கு? அந்த நூலில் ஒட்டியிருக்கும் மஞ்சள். நூலைச் சப்பிக் கொடுத்துவிடுவேன். அம்மாவுக்கு நூலும் இல்லை. விடியற்காலை இருட்டில் பிரட்டுக்குப் போய், அப்பாவோடு சமமாக மரம் வெட்டியவர் அவரும்தான்!

அம்மாவைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவருக்கு அவருடைய அம்மா அப்படித்தான் பங்கிட்டார். ஆனால் ஒருநாள் நடந்ததைச் சொல்ல வேண்டும். பக்கத்துக் கம்பத்திலிருந்து ஒரு மக்சிக் எங்கள் அம்மாவிடம் முட்டை வாங்க வருவார். கொண்டுபோகும் வழியில் ஒருநாள் மூன்று முட்டைகள் விரிசல் விட்டுவிட்டன. திரும்பி வந்த அவர் கோபித்துக்கொள்ளவில்லை. எங்கள் அடுப்படியிலேயே உட்கார்ந்து, தேங்காய் துருவச் சொல்லி, சீனி போட்டு, பண்டான் இலையை முடிச்சுப் போட்டு, வெந்நீர்ச் சட்டிக்குள் சட்டி வைத்துக் காயா கிளறிக் காட்டினார். வெகுநேரம் கிளறினார். வெந்ததும், கரண்டியை முதலில் அப்பாவிடமும் நீட்டவில்லை, தம்பியிடமும் நீட்டவில்லை. "கிளறியவர் முதலில் ருசி பார்க்க வேண்டும்" என்று மலாயில் சொல்லி, அம்மாவின் உள்ளங்கையில் ஒரு கரண்டி வைத்தார். அம்மா வெட்கத்தோடு எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு நக்கினார். அம்மா எங்கள் முன்னால் முதலில் சாப்பிட்டதை நான் பார்த்தது அன்றுதான்.

அந்த மக்சிக்கின் பெயர்கூட எனக்குத் தெரியாது. ஆனால் இன்று செரிகாயாவின் கதையைப் படிக்கும்போது, படை நடத்திய பிரபுவின் பெயர் ஏட்டில் இருக்கிறது; 400 ஆண்டுகளுக்கு முன் மலாக்காவில் ஏதோ ஓர் அடுப்படியில் சட்டியைக் கிளறிக் காட்டிய பெண்ணின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. கப்பலேறிப் போனதோ அவளுடைய கைப்பக்குவம்!

இனிச் செய்முறை

முழு அளவு பன்னிரண்டு முட்டை. நமக்குப் பாதி போதும். எட்டுப் பேர் சாப்பிடலாம்.

வேண்டியவை: முட்டை 6, பால் அரை லிட்டர், சீனி 250 கிராம், கோதுமை மாவு 75 கிராம், இலவங்கப்பட்டை ஒரு துண்டு, ஓர் எலுமிச்சம்பழத்தின் தோல் (உள்ளே இருக்கும் வெள்ளை வேண்டாம், கசக்கும்), உப்பு ஒரு சிட்டிகை, பட்டைத்தூள் ஒரு மேசைக்கரண்டி, தட்டில் தடவக் கொஞ்சம் வெண்ணெய்.

பாலில் ஒரு கோப்பை அளவு எடுத்துத் தனியே வையுங்கள். மிச்சப் பாலில் பட்டை, எலுமிச்சைத் தோல், உப்பு போட்டுக் கொதிக்கவிட்டு இறக்குங்கள். தனியே வைத்த குளிர்ந்த பாலில் மாவைக் கட்டியில்லாமல் கரைத்துக்கொள்ளுங்கள்.

முட்டையின் வெள்ளையையும் மஞ்சளையும் பிரித்து எடுங்கள். மஞ்சட்கருவோடு சீனியைச் சேர்த்து, நிறம் வெளுக்கும்வரை அடியுங்கள். அதில் மாவுக் கரைசலை ஊற்றிக் கலக்குங்கள். பிறகு சூடான பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிளறுங்கள். அவசரப்பட்டு ஒரேயடியாக ஊற்றினால் முட்டை வெந்து திரித்திரியாகிவிடும். எல்லாவற்றையும் மெல்லிய தீயில் வைத்து, கை ஓயாமல் கிளறுங்கள். கரண்டியை இழுத்தால் சட்டியின் அடி தெரிய வேண்டும். அதுதான் பதம். இறக்கி, பட்டையையும் தோலையும் எடுத்துப் போட்டுவிட்டு ஆறவிடுங்கள்.

வெள்ளைக்கருவை ஈரமில்லாத பாத்திரத்தில் நுரைக்க அடியுங்கள். பாத்திரத்தைச் சாய்த்தாலும் வழியாமல் நிற்க வேண்டும். ஆறிய கலவையில் இதைச் சேர்த்து, அடிக்காமல், கீழிருந்து மேலாக மெதுவாகப் புரட்டிவிடுங்கள். நுரைதான் பலகாரத்தின் உயிர்.

சூடு தாங்கும் மண் தட்டிலோ கனமான தட்டிலோ வெண்ணெய் தடவுங்கள். கலவையை மொத்தமாகக் கொட்டாமல், பெரிய கரண்டியால் அள்ளி அள்ளி, ஒன்று நெடுக்கிலும் ஒன்று குறுக்கிலுமாக வையுங்கள். அப்போதுதான் வெடிப்பு அழகாக விழும். மேலே பட்டைத்தூளைத் தூவுங்கள். கேக் சுடும் ஓவனை முன்பே 220 டிகிரிக்குச் சூடேற்றி, உள்ளே வைத்துச் சுமார் அரை மணி நேரம் சுடுங்கள். பொங்கி, வெடித்து, ஓரம் சிவந்ததும் எடுத்துவிடுங்கள். வெளியே வந்ததும் கொஞ்சம் அமுங்கும். 'ஐயோ, கெட்டுப்போச்சே' என்று பதற வேண்டாம். அதன் சுபாவமே அதுதான்.

நன்றாக ஆறிய பிறகு வெட்டுங்கள். எல்வாஸ் பிளம்ஸுக்கு நாம் எங்கே போவது? அன்னாசித் துண்டுகளைச் சீனிப்பாகில் வேகவைத்துப் பக்கத்தில் வையுங்கள். அந்தப் புளிப்பு இந்த இனிப்புக்கு நல்ல துணை. 'அன்னாசி' என்ற சொல்லும் போர்த்துகீசியரோடு வந்ததுதான் என்பதைச் சொல்லிக்கொண்டே பரிமாறுங்கள். நீரிழிவு உள்ளவர்கள் வீட்டில் இருந்தால், அவர்கள் முன் தட்டை நிரப்பி வைத்து ஆசை காட்டாதீர்கள். நம்மிடையே அந்த வியாதி அதிகம். இது நாள் கிழமைக்குச் செய்யும் பண்டம். தினமும் செய்யும் பண்டமல்ல.

கடைசியாக ஒன்று. வெட்டும்போது எட்டுத் துண்டும் ஒரே அளவாக இருக்கட்டும். மகனுக்கு ஒரு துண்டு என்றால் மகளுக்கும் ஒரு துண்டு, அதே அளவு. இன்று முட்டைக்குப் பஞ்சமில்லை என்பீர்கள். உண்மைதான். ஆனால் மீன் துண்டிலும், கோழிக்காலிலும், மேற்படிப்புச் செலவிலும் அந்தப் பழைய நூல் இன்னும் சில வீடுகளில் அறுத்துக்கொண்டுதான் இருக்கிறது.

எல்லாருக்கும் வைத்த பிறகு, 'எனக்கு வேண்டாம், நீங்கள் சாப்பிடுங்கள்' என்று நீங்கள் அடுக்களைக்குள் போய்விடாதீர்கள். உட்காருங்கள். கிளறியவர் முதலில் ருசி பார்க்க வேண்டும்.

அடுத்த மாதம் சந்திப்போம்.

அன்புடன்,
உங்கள் அக்கா